சாக்கு

ஓசூர்
14 மே 2025

சத்யாவுக்கு,

பெனிஷா எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று பயந்து உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதவில்லை. திருட்டுத்தனம்தான், பொறுத்துக்கொள். போனில் நீ என்னை பிளாக் செய்து பத்து நாள் ஆகிறது. உன் காவியா அக்காவைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஜூஜுவாடியில் உன் அம்மாவின் இட்லிக் கடைக்கே போய், நீ தங்கியிருக்கும் அக்கா வீட்டு நாகரசம்பட்டி முகவரியை வாங்கி வந்தேன்.

அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சாந்தம்மா என்னைப் பார்த்ததும் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்த மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை என்று, நின்றிருந்த லாரி டிரைவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார்கள். ஸ்கூட்டி என்று நீ சொல்லிவைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. நான்கு இட்லி வைத்தார்கள். ஒன்றுகூட இறங்கவில்லை. மகளின் கையைக் கெடுத்தவளுக்கு நன்றியும் சொல்லி இரண்டு சட்னியும் ஊற்றினால் எப்படி இறங்கும்?

நடந்ததை மனதுக்குள் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மே நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஹார்டுவேர் கடை மாடியில் நம் ஜியு-ஜிட்சு மல்லுக்கட்டு வகுப்பு. நான் மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் உன் இடுப்பைச் சுற்றிப் பூட்டியிருந்தேன். ரோஹன் சார் அதைக் கார்டு என்பார். நீ அந்தக் கார்டுக்குள் மண்டியிட்டிருந்தாய். உன் வலது கையை நெஞ்சோடு பிடித்து, இடுப்பைச் சுழற்றி, ஒரு காலை உன் தலைக்கு மேல் போட்டேன். ஆர்ம்பார். ஆறு மாதத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பிடி. நீ குப்புற விழுந்தாய். நான் இடுப்பைத் தூக்கினேன். உன் முழங்கையில் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் தொடையில் இருக்கிறது.

தாங்க முடியாவிட்டால் எதிராளியையோ தரையையோ தட்ட வேண்டும், தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். முதல் நாள் முதல் பாடம் அது. எனக்கு விளங்காதது ஒன்றுதான். நீ ஏன் தட்டவில்லை? ஒரு தட்டு தட்டியிருந்தால் விட்டிருப்பேனே.

கை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

பெனிஷா


நாகரசம்பட்டி
20 மே 2025

பெனிஷாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும். வலது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது.

விழுந்தபோது என் இடது கை என் வயிற்றுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. எதால் தட்டுவது? மூக்காலா? தட்ட முடியாதவள் வாயால் சொன்னாலும் விட வேண்டும் என்பதும் முதல் நாள் பாடம்தான். நான் சொன்னேன். "சாக்கு" என்று மூன்று முறை சொன்னேன். நீ கேட்டாய். மூன்றாவது முறைக்கு அப்புறம்தான் இடுப்பைத் தூக்கினாய்.

ஏன் தட்டவில்லை என்று என்னிடமே கேட்டு எழுதுகிறாய் பார், அதற்காகத்தான் இந்தப் பதில். அம்மாவிடம் ஸ்கூட்டி என்று சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை. உண்மை தெரிந்தால் அந்த மாடிப்படியை என்னை மிதிக்க விடமாட்டாள்.

இனி எழுதாதே.

சத்யப்ரியா


ஓசூர்
26 மே 2025

சத்யாவுக்கு,

எழுதாதே என்றாய். வாய்க்கு வாய் அக்கா என்பவள் அந்தச் சொல்லைக்கூட விட்டுவிட்டாய், அது நியாயம்தான். ஆனால் இந்த ஒன்றை எழுதாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை.

நீ சொன்னாய். நான் கேட்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் நீ சொன்னது என்ன என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

அன்று வகுப்புக்கு நான் இருபது நிமிஷம் தாமதம். ஹாஸ்டல் கேட், ஷட்டில் பஸ், ஓவர்டைம் என்று நான் அடுக்கியதும் ரோஹன் சார் எல்லோர் முன்னாலும், "சாக்கு சொல்லாத பெனிஷா. தினம் ஒரு சாக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். பத்து நிமிஷம் கழித்து என் பிடியில் கிடந்துகொண்டு நீ "சாக்கு, சாக்கு, சாக்கு" என்றால் நான் என்ன நினைப்பேன்? மாட்டிக்கொண்டும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். சுர்ரென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இடுப்பைத் தூக்கினேன்.

நேற்று ஞாயிறு. வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் உன் அம்மாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே போக, அவர் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்து, "சாக்கும்மா, சாக்கு, சாக்கு" என்றார். உடனே கரண்டி நின்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சாக்கு என்றால் என்ன என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

"போதும்னு கன்னடத்துல சொல்றாரும்மா. இத்தினி நாளா இங்க இருக்கே, இதுகூடத் தெரியாதா?" என்றார்கள்.

தெரியாது சத்யா. எங்கள் நாசரேத்தில் சாக்கு என்றால் ஒன்று நெல் அளந்து போடுவது, இன்னொன்று நொண்டிச் சமாதானம். உன் வீட்டில் கன்னடம் என்று தெரியும். ஆனால் என்னிடம் நீ தமிழைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. உயிர் போகிற வலியில் எந்த மொழி வாய்க்கு வரும் என்று நான் யோசித்ததே இல்லை. உன் அம்மாவிடம் சொல்கிற சொல்லை நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

தெரியாமல் செய்தது பாதி, கோபத்தில் செய்தது பாதி. முதல் பாதிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது பாதிக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் இடது கையால் கஷ்டப்பட்டு அந்தச் சொல்லை எழுதி அனுப்பினாயே, அதற்கு நன்றி. அது வராமல் போயிருந்தால் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

பெனிஷா


நாகரசம்பட்டி
5 ஜூன் 2025

பெனிஷாவுக்கு,

இது வலது கை. ஐந்து வரிக்கு ஒருமுறை உதறிக்கொண்டு எழுதுகிறேன். கட்டைப் பிரித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரியில் எனக்கு பிசியோ பார்க்கும் அஜித்குமார் சார், விரலும் மணிக்கட்டும் பழக தினம் ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்கிறார். என்னத்தை எழுதுவது? காவியா மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதச் சொன்னாள். ஒரு நாள் எழுதினேன். உனக்கு எழுதுவது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, பயிற்சி என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் மாந்தோப்புப் பக்கம் போய் அழுதேன். சிரித்தது காவியாவுக்குத் தெரியும், அழுதது தெரியாது. வகுப்பு மெத்தையில் மூக்கு நசுங்கிக் கிடப்பவள் கேலி செய்வாளா என்று உன்னைக் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் செய்யக்கூடியவள்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கை கதையைக் கேள். முழங்கை முழுசாக நீளவில்லை. இருபத்தைந்து டிகிரி மடங்கியே நிற்கிறது. அஜித்குமார் சார் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நீட்டிவிட வேண்டும். அவர் பிடித்ததும் நான் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்கிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, அதுவாகப் போய்விடுகிறது. நேற்று வளையல்காரர் கையைத் தொட்டதற்கே அவர் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். பிடிக்கவிடாமல் கை நீளாது என்று சார் கையை விரித்துவிட்டார். நம் கம்பெனியில் ஜூலை கடைசிவரைக்கும்தான் என் இடத்தை வைத்திருப்பார்களாம். போர்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கை எட்டாதவள் வண்டிகளுக்குப் போகிற ஒயர்க் கட்டு, அந்த வயரிங் ஹார்னஸைக் கட்ட முடியுமா? அதற்குள் நீளவில்லை என்றால் கான்ட்ராக்ட் லிஸ்ட்டில் என் பெயர் இருக்காது.

கண்ணை மூடினால் உன் கார்டுக்குள்தான் கிடக்கிறேன். உன் கால் என் தலைக்கு மேல் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. வெளியே வரும் வழி அன்றைக்கும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ரோஹன் சார் வீடியோ அனுப்பினார். அதில் இரண்டு தடியர்கள் உருள்கிறார்கள். யார் கால் யாருடையது என்றே புரியவில்லை.

மாட்டவைத்தவள் நீ. வெளியே வரும் வழியை நீயே எழுதி அனுப்பு.

சத்யப்ரியா


ஓசூர்
11 ஜூன் 2025

சத்யாவுக்கு,

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிடி. அதிலிருந்து தப்பிக்கிற வழியையும் நானே எழுதிக் கொடுத்தால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், மறைக்கவில்லை. அப்புறம் ரோஹன் சாரிடம் போய், என்னை ஆர்ம்பார் போடவிட்டு அவர் எப்படி எப்படி வெளியே வருகிறார் என்று பதினைந்து முறை பார்த்துக்கொண்டேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

கை மாட்டியதும் எல்லோரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய். பின்னால் இழுத்தாய். எனக்கு வேண்டியது அதுதான். நீ இழுக்க இழுக்க உன் கை தானாக நீள்கிறது. நீட்டுகிற வேலையை நீயே எனக்குச் செய்து கொடுக்கிறாய். நான் இடுப்பைத் தூக்கினால் போதும்.

அதனால் இழுக்காதே. என்னை நோக்கி வா.

மாட்டிய கையை மற்றக் கையோடு கோத்துக்கொள். முழங்கை மடங்கியே இருக்கட்டும். முழங்காலை என் பக்கம் நகர்த்தி, உன் எடை முழுவதையும் என் தொடைகளின் மேல் சாய்த்து, என் முழங்கால் என் மூக்கைத் தொடுகிறவரைக்கும் என்னை மடக்கு. மடங்கிக் கிடப்பவளால் இடுப்பைத் தூக்க முடியாது. இடுப்பு எழும்பாவிட்டால் ஆர்ம்பாரே இல்லை.

கையை எடுப்பது அதற்கு அப்புறம்தான். அப்போதும் வெடுக்கென்று கூடாது. இறுக்கமான வளையலைக் கழற்றும்போது என்ன செய்வாய்? கையைக் குவித்து, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நகர்த்துவாய். அப்படி முழங்கையை என் இடுப்பைத் தாண்டித் தரைப்பக்கமாக நழுவவிடு. முழங்கை தாண்டிவிட்டால் பிடி செத்துவிடும், மீதிக் கை தானாக வரும். வந்ததும் என் தலைப்பக்கமாகச் சுற்றி வந்துவிடு. அங்கேயே நின்றால் இன்னொரு கையைப் பிடிப்பேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கை முழுசாக நீண்ட பிறகு இது எதுவும் பலிக்காது. அப்போது தட்டு. கௌரவம் பார்க்காதே.

எழுதி முடித்ததும் மனசு லேசாக இருக்கிறது. என்னிடம் இதைக் கேட்டதற்கு நன்றி. திட்டியிருந்தால்கூட இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்காது.

பெனிஷா


நாகரசம்பட்டி
24 ஜூன் 2025

அக்கா,

உன் கடிதம் இந்த வீட்டில் படும் பாட்டை நீ பார்க்க வேண்டும். காவியா தன் புருஷனின் பழைய பேன்ட்டில் மாஞ்சருகைத் திணித்து, அதை ஓர் உரச் சாக்கோடு சேர்த்துத் தைத்து, சாக்கின் நெஞ்சில் பேனாவால் 'பெனிஷா' என்று எழுதிவிட்டாள். ஆமாம், சாக்கு. உங்கள் ஊர்ச் சாக்கு. அதை மல்லாக்கப் போட்டு அதன் இரண்டு காலையும் என் கழுத்தில் மாட்டிக்கொண்டு உருள்கிறேன். காவியா பக்கத்தில் நின்று, சமையல் குறிப்பைப் படிப்பது போல உன் கடிதத்தைப் படிக்கிறாள். நேற்று நடுவில் நிறுத்திவிட்டு, "மூக்கைத் தொடற வரைக்கும் மடக்குன்னு போட்டிருக்குது. சாக்குக்கு மூக்கு எங்கடி இருக்குது?" என்று கேட்டாள். அப்புறம் எங்கே உருள்வது?

சிரிப்பை விடு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை அஜித்குமார் சார் வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்தார். தோள் வழக்கம்போலப் பின்னால் போகப் பார்த்தது. இழுக்காதே, என்னை நோக்கி வா என்று நீ எழுதிய வரி நினைவுக்கு வந்தது. நாற்காலியிலிருந்து அவர் பக்கமாக முன்னால் சாய்ந்தேன். தோள் அப்படியே தளர்ந்தது. கையை அவரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், இழுக்கத் தோன்றவில்லை. அவர் அளந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரே நாள்ல பத்து டிகிரி வந்திருக்குது" என்றார். பஸ்ஸில் வரும்போது கையை ஜன்னல் கம்பியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கெடுத்தவளே வைத்தியமும் எழுதி அனுப்பியிருக்கிறாள். ரொம்ப நன்றி அக்கா. இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

நீ உன் கோபத்தைச் சொன்னாய். நானும் ஒன்று சொல்ல வேண்டும். கௌரவம் பார்க்காதே என்று எழுதியிருந்தாயே, அது சுருக்கென்றது. நான் குப்புற விழுவதற்கு முன்னால் என் இடது கை வெளியேதான் இருந்தது. தட்ட நேரம் இருந்தது. நான் தட்டவில்லை. உன்னை அந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். உனக்கு ஒரு வருஷம் முன்னால் ஆரம்பித்தும் எனக்கு வராதது உனக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது. உன்னிடம் தட்டுவதில்லை என்று ஒரு மாதமாகவே மனதுக்குள் வைத்திருந்தேன். நான் சொன்னது உனக்குப் புரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவும் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, காவியாவிடம்கூட. இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் கொடுக்காமல் நானே போஸ்ட் செய்கிறேன்.

சத்யா


ஓசூர்
2 ஜூலை 2025

சத்யாவுக்கு,

அக்கா என்று ஆரம்பித்திருந்தாய். அடுத்த வரிக்குப் போகவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நீ தட்டாததைச் சொன்னதால் என் தப்பு குறையவில்லை. ஆனால் அதைச் சுமக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியப்போகிறது? சொன்னாயே.

நானும் ஒரு வேலை செய்துவிட்டேன், திட்டாதே. உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைப் புகழ்ந்து புகழ்ந்து ஊட்டுவதை இனிமேல் என்னால் தின்ன முடியாது. ஸ்கூட்டி இல்லை, நான்தான் என்றேன். உன் அம்மா இட்லிக் குண்டானை மூடினார்கள். அப்புறம், "கையைக் கெடுத்தவளும் நீதான், தூக்கிட்டு ஓடினவளும் நீதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

"கெடுத்துட்டு ஓடிப்போறவதான் எல்லாரும். நீ தூக்கிட்டு ஓடினே. கூத்கோ, இட்லி ஆறுது" என்றார்கள்.

கூத்கோ என்றால் உட்கார் என்று எனக்கு இப்போது தெரியும். உட்கார்ந்து அழுதுகொண்டே ஆறு இட்லி தின்றேன்.

அதோடு விடவில்லை. போன ஞாயிறு கடையை இழுத்து மூடிவிட்டு வகுப்புக்கே வந்துவிட்டார்கள். மெத்தைக்கு ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். முடிந்ததும் ரோஹன் சாரைக் கூப்பிட்டு, "கை காலைப் பிடிக்கறதுக்கு முன்னாடி, ஒருத்தர் பாஷையை ஒருத்தருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார்கள். இப்போது சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது. வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டில் போதும் என்பதற்கு என்ன சொல்வார் என்று எழுதியிருக்கிறோம். போதும், சாக்கு, சாலு, பஸ். கடைசியில் இருப்பது ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் பையன்கள் சொல்வது. நம் ஊரில் பஸ் என்று கத்தினால் யாரும் நிற்க மாட்டார்கள், ஓடிப்போய் ஏறத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னேன். போர்டை எழுதி முடிக்கிறவரை சிரித்துக்கொண்டிருந்தோம். மாடிப்படியைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். பொய் சொன்னதற்கு மட்டும் உன்னை வந்ததும் கவனித்துக்கொள்வதாக உன் அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. என்னால் இப்போது யாருக்கும் ஆர்ம்பார் போட முடிவதில்லை. கையைப் பிடிக்கிறேன், கால் ஏறுகிறது, இடுப்பு எழும்ப மாட்டேன் என்கிறது. ரோஹன் சார் பதினைந்து முறையும் சும்மா கிடந்த என்னிடமிருந்துதான் தப்பித்தார். அதை அன்றைக்கு உனக்கு எழுதவில்லை.

நவம்பரில் நான் வந்து சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? மஞ்சள் ஒயரையும் வெள்ளை ஒயரையும் மாற்றிக் குத்தி எட்டு ஹார்னஸைக் கெடுத்து வைத்திருந்தேன். பெயர்கூடத் தெரியாத நீ, சூப்பர்வைசர் வருவதற்குள் எட்டையும் பிரித்துத் திரும்பக் குத்திக் கொடுத்தாய். அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உன் போர்டில் வேறு யாரும் நிற்கவில்லை. இரண்டு போர்டையும் நான்தான் பார்க்கிறேன், ஜூலை கடைசிவரை பார்ப்பேன்.

பெனிஷா


நாகரசம்பட்டி
24 ஜூலை 2025

அக்கா,

கை நீண்டுவிட்டது. இன்னும் ஐந்து டிகிரி மிச்சம், அது வேலை செய்யச் செய்ய வந்துவிடும் என்று சொல்லி அஜித்குமார் சார் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்தெட்டாம் தேதி காலை ஷிஃப்டுக்கு வருகிறேன். என் போர்டை விட்டு நகர்ந்துகொள்.

இரண்டு போர்டு பார்க்கிறாய் என்று படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் மூன்று வாரம் எழுதவில்லை. இப்போதும் தெரியவில்லை.

வகுப்பு மெத்தையில் ஏற இன்னும் நான்கு வாரம் பொறுக்க வேண்டுமாம். அதற்கு அப்புறம் வரும் ஞாயிறு, யார்மேலும் போட வராத அந்த ஆர்ம்பாரை என்மேல் போடு. இடுப்பைத் தூக்கித்தான் போட வேண்டும். சும்மா கிடந்தால் நான் எதிலிருந்து தப்பிப்பது? எனக்குப் பயம் போகவில்லை. இதை எழுதும்போதே முழங்கை கூசுகிறது. இருந்தாலும் உன்னிடம்தான் தப்பித்துப் பார்க்க வேண்டும்.

உரச் சாக்கைக் காவியா தரமாட்டேன் என்கிறாள். தோப்பில் குரங்கை விரட்ட நிற்க வைத்திருக்கிறாள். நெஞ்சில் உன் பெயரோடு நிற்கிறது.

சத்யா


ஓசூர்
25 ஆகஸ்ட் 2025

சத்யாவுக்கு,

நீ பக்கத்துப் போர்டில் ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் டீ நேரத்தில் இதை எழுதி உன் டிபன் பைக்குள் வைக்கப்போகிறேன். போனில் பிளாக்கை எடுத்துவிட்டாய், ஆனாலும் நேற்று நடந்ததை நான் பேப்பரில்தான் சொல்ல வேண்டும்.

மல்லாந்து படுத்து உன் இடுப்பைச் சுற்றிக் காலைப் பூட்டினேன். ரோஹன் சார் சுவர்ப் போர்டுக்குக் கீழே வந்து நின்றார். உன் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். உன் வலது கையைப் பிடித்தேன். காலைத் தலைக்கு மேல் போட்டேன். மூன்று மாதமாக எழும்பாத இடுப்பு எழும்பியது, நீ தூக்கச் சொன்னதால்.

நீ இழுக்கவில்லை. என்னை நோக்கி வந்தாய்.

கையைக் கோத்துக்கொண்டு நீ என்மேல் சாய்ந்த வேகத்தில் என் முழங்கால் மூக்கில் இடித்தது. அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான். நான் எழுதாதது ஒன்று இருந்தது, எனக்கே அது தெரியாது. அப்படி மடங்கிக் கிடப்பவளுக்கு மூச்சு நின்றுபோகும். என் இரண்டு கையும் நம் இருவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தன. தட்ட வழியில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மா என்றோ, கர்த்தரே என்றோ, போதும் என்றோதான் என் வாயில் வந்திருக்க வேண்டும்.

"சாக்கு" என்றேன்.

ஒரே ஒரு முறைதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உன் எடை என்மேல் இல்லை. கண்ணைத் திறந்தபோது நீ என் தலைப்பக்கம் உட்கார்ந்து, தப்பித்த கையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அதே வலது கை. அந்த நேரத்தில் எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது, ஆனால் மூச்சு வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். நன்றி சத்யா. வந்ததற்கு, விட்டதற்கு.

பெனிஷா


(அதே தாளின் பின்பக்கம், ஒயர் டேகில் எழுதும் பேனாவால்)

அக்கா,

கேட்டது. அதனால்தான் விட்டேன்.

வர ஞாயிறு வகுப்பு முடிந்ததும் உன்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வரச் சொன்னாள் அம்மா. களி கிண்டுகிறாளாம். நீ போதும் போதும் என்றால் அவள் உருண்டையை வைத்துக்கொண்டேதான் இருப்பாள். எங்கள் வீட்டில் என்ன சொன்னால் நிறுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும்.

சத்யா